எட்டு மணிக் கட்டம்

குத்தாயிஸியில் இப்போதுதான் கரண்ட் திரும்பியது.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
புதன், இரவு எட்டு மணிக் கட்டம்
காலி.

லமாரா ரொட்டிக்கூடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம்.
என் கையில் ஊசியில்லாத சிரிஞ்ச்,
நாலு மில்லி, இளஞ்சிவப்பு.

வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.
இரண்டு முறை கொடுத்துவிட்டால்?

குனிந்து வாஹோவின் மூச்சை முகர்ந்தேன்.
ஸ்ட்ராபெரி.
அப்பாடா என்பதற்குள் ஞாபகம்:
சாயங்காலம் அவன் தின்றதும் ஸ்ட்ராபெரி ஜாம்தான்.

பாட்டிலை விளக்கில் பிடித்தேன்.
நேற்று எதுவரை இருந்தது, யார் கண்டது?

ரொட்டிக்கூடத்தில் போனை எடுத்தவர்
அடுப்பின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்:
"லமாரா! வீட்டிலிருந்து!"

ஓடி வந்த மூச்சு. "என்ன ஆச்சு?"
ஒன்றுமில்லை. கொடுத்தாயா?
"கொடுத்தேன். உடனே கரண்ட் போச்சு.
பேனாவைத் தேடினேன்..."
அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

நாலு மில்லியையும் பழைய செய்தித்தாளில் பீய்ச்சினேன்.
விலை எனக்குத் தெரியும்.

கட்டத்தில் என் கையெழுத்தில்:
எட்டு. லமாரா கொடுத்தாள்.
பேனாவில் நூல் கட்டி
ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.

வாஹோ புரண்டு படுத்தான்.
வாயோரம் இன்னும் சிவப்பு,
எதனுடையதோ.