அமுங்கிப்போன பொத்தான்

தூத்தூரிலிருந்து ஆழ்கடல் போகும் படகுகளின்
வயர்லெஸ் செட்டுகளுக்கு நான்தான் வைத்தியன்.

ஒருமுறை பெலார்மின் படகில்
பேசும் பொத்தான் அமுங்கியபடியே நின்றுவிட்டது.
அவனுக்குத் தெரியாது.
மூன்று நாள் ஒரே சானலில்
அவன் எஞ்சின் இரைந்தது, சமையல்காரன் இருமினான்,
யாரோ சீட்டுக் கலைத்தார்கள்.
நாற்பது படகுக்கும் வாயடைத்துப் போச்சு.
காற்று வருதென்று கரையிலிருந்து கூப்பிட்ட குரல்
ஒருத்தன் காதிலும் விழவில்லை.

நெய்யூரில் டாக்டர் ஜாஸ்லின்
என் ஸ்கேன் கவரின் பின்புறம் ஒரு வட்டம் போட்டு
அதன் தோல் முழுக்க ஆன்டெனா வரைந்தார்.
"வளரு" என்று வெளியே ஒரு சொல் வரும்;
ஆன்டெனா பிடிக்கும்;
உள்ளே ஒன்று இன்னொன்றைத் தட்டும், அது அடுத்ததை.
சொல் நின்றால் எல்லாம் நிற்க வேண்டும்.
உங்க குடலில் நிற்கவில்லை,
இப்போ ஈரலிலும் மூன்று இடம் என்றார்.

பழுது ஆன்டெனாவிலா, பொத்தானிலா?
என்று கேட்டேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.
"வெட்டியெடுத்த சதையில் அதைத்தான் பார்க்கக் கொடுத்திருக்கு.
பொத்தான் அமுங்கியிருந்தா இந்த மருந்து வீண்.
ஆன்டெனாவை மூடியென்ன,
உள்ளே அது தானாப் பேசிக்கிட்டே இருக்கும்."

பதினாறு நாள்.
பத்து செட்டைத் திறந்தேன்,
பத்தையும் அப்படியே மூடினேன்.
வயிற்றோரப் பை
மார்த்தாண்டம் பஸ்ஸில் ஒருமுறை சத்தம் போட்டது.
பக்கத்திலிருந்தவர் ஜன்னலைப் பார்த்தார்.

பொத்தான் ஒழுங்காயிருக்காம்.
கில்டா போனில் கேட்டு
அழுதுகொண்டே சொன்னாள்:
"உம்ம ஒடம்புல ஒண்ணாவது ஒழுங்கா இருக்கே, ஓய்."

மருந்து இறங்கிய இரண்டாம் வாரம்
மூக்கில், நெற்றியில், நெஞ்சில் பரு.
பதினெட்டு வயதில்கூட இத்தனை இல்லை.
மீன்கடையில் மீதிச் சில்லறையை
கையில் தராமல் பலகையில் வைத்தார்கள்.
டாக்டருக்கு மட்டும் முகம் மலர்ந்தது.
தோலிலும் அதே ஆன்டெனா உண்டு,
அங்கே வாயடைத்தால் உள்ளேயும் அடைந்திருக்கலாம்.
இருக்கலாம் என்பதை இரண்டு தரம் சொன்னார்.
நாளாக நாளாக
அது வேறு சானல் தேடும் என்பதை
ஒரே தரம்.

ராத்திரி கடையில் ஒரு செட்டைப் போட்டு வைக்கிறேன்.
இரைச்சல்.
நடுவே எவனோ கேட்கிறான்,
கணவா கெடச்சா?
கெடச்சு, என்கிறான் இன்னொருவன்.

பிறகு விரலை எடுக்கிறான்.
எனக்கு இப்போதெல்லாம்
அந்தச் சின்ன 'டிக்' கேட்டால்தான் தூக்கம்.