ஒக்ரோபர் பத்துக்கு முன்

கூட்டத்துக்குப் பிந்தித்தான் போனேன்.
கன்று போட்ட பசு ஒன்று எழும்பாமல் கிடந்தது,
கையில் இன்னும் இளங்கொடி மணம்.
கடைசி வாங்கில் இடம் விட்டார்கள்,
இரண்டு பக்கமும் கொஞ்சம் அதிகமாகவே.

காலபோக விதைப்பு ஒக்ரோபர் பத்து.
அதற்கு முன் மாடுகள் அனைத்தும்
வயற்பரப்பிலிருந்து அகற்றப்பட வேண்டும்.
தவறினால் கட்டாக்காலி,
தலைக்கு ஐயாயிரம் தண்டம்.
வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கமக்காரர் கைதட்டினார்கள்.

எங்க ஐயா அகற்றுறது?
நான்தான் கேட்டேன்.

வரைபடத்தை மேசையில் விரித்தார்.
பச்சை வன இலாகா.
கடும்பச்சை வனசீவராசிகள்.
நீலம் குளம், அலைகரையும் நீலம்.
மஞ்சள் வயல்.
கோடுகோடாய் அடித்திருந்தது முகாம் பண்ணை,
அதைப் பற்றிக் கேட்கவேண்டாமென்று
கண்ணால் சொன்னார்.
மேய்ச்சல் தரைக்கு என்ன நிறம்?
"ஒதுக்கியிருக்கு அம்மா, வர்த்தமானிக்குப் போயிருக்கு.
வந்தாப் பிறகு நிறம் அடிப்பம்."

மருதங்கண்டலுக்கு மேற்கே
யாரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் ஒன்று
எந்த நிறத்திலும் சேராமல் கிடந்தது.
என் நாற்பத்திமூன்றையும் அதற்குள்
நிறுத்திப் பார்த்தேன்.
கூழைக்கொம்பியின் பின்னங்கால் வெளியே நின்றது.

முன்வரிசையில் கெங்காதரன்.
திரும்பவில்லை.
ஆவணியில் இதே கெங்காதரன்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே
படலையில் நின்று கூப்பிட்டவன்:
"அக்கா, பட்டியை என்ர வயலில அடையுங்கோ,
ஏழு இரவு, காசு பிந்தாது."
அடைத்தேன்.
இடம் மாற்றி மாற்றி, ஒரு மூலையும் விடாமல்
சாணியும் மூத்திரமும் அவன் மண்ணுக்குள் இறங்க
நானும் நிமலனும் வரம்பில் படுத்தோம்,
நுளம்புக்குச் சாக்கைப் போர்த்துக்கொண்டு.
யூரியாவில் அவன் மிச்சம் பிடித்தது எவ்வளவென்று
எனக்குத் தெரியும்.
அப்போது அவை பட்டி மாடுகள்.

ஒன்பதாம் திகதி இரவே சாய்த்துக்கொண்டு போனோம்.
வன இலாகாக் கல்லைத் தாண்டினால் வழக்கு.
கல்லுக்கு இந்தப் பக்கம்
மண்டையோட்டுப் பலகை நின்ற வெளி.
மிதிவெடி எடுத்து, பலகையும் கழற்றி
ஆறு வருடம்.
அங்கே புல் இடுப்பளவு.
நல்ல புல்லைக் கண்டால் எனக்கு
இப்போதும் உள்ளங்கால் கூசும்.
மாடுகள் தலை நிமிர்த்தவேயில்லை.

மாட்டுக்கு எல்லை தெரியாதென்று
கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.
தெரியும்.
தான் படுத்த நிலத்தை அது மணந்து கண்டுபிடிக்கும்.
மார்கழி மழையில் ஓரிரவு
கூழைக்கொம்பி எழும்பி நடந்தது,
பின்னால் ஆறு.
ஏழு இரவு படுத்த இடத்துக்கு.

விடிய நான் போய்ச் சேர்ந்தபோது
பால் பிடிக்கிற கதிர்
அரை ஏக்கர் சப்பளிந்து கிடந்தது.
வரம்பில் கூழைக்கொம்பி இருந்தது.
பின்னங்கால் நரம்பில் கோடரி.
தலையை மட்டும் என் பக்கம் திருப்பியது,
அசைபோடுவதை நிறுத்தாமல்.

கெங்காதரன் முழங்கால் தண்ணீரில் நின்றான்.
"பாங்கில எடுத்த கடன் அக்கா."
"தெரியும்" என்றேன்.
பிறகு ஏசினேன்,
அவன் தகப்பனையும் சேர்த்து.
ஊரே ஓடின அன்று
செல்லுக்குள் திரும்பி வந்து
என் பட்டிக் கடப்பைத் திறந்துவிட்ட மனிசன்.
அன்று தப்பின ஒன்றின் வயிற்றில் பிறந்ததுதான்
இந்த வரம்பில் கிடப்பதும்.
ஏசி முடிய எனக்கு அதுதான் நினைவு வந்தது.
அவனுக்கும் வந்திருக்கும்,
கோடரியை வரம்புக்கு மற்றப் பக்கம் வைத்தான்.

தண்டச் சீட்டில் ஏழு என்று எழுதினார்கள்.
ஒன்று இனி நடக்காது என்றேன்.
வயலுக்கு நடந்துதானே வந்தது என்றார்கள்.

ஆவணி வரும்.
படலையில் மோட்டார் சைக்கிள் நிற்கும்.
இரவுக்கு எவ்வளவு கேட்பதென்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.