ஏழு மில்லிமீட்டர்

மண்டியைத் திறந்துவிட்டு நேராக வந்தாராம் முத்திருளப்பன்,
வெறுங்காலோடு.
கோரிப்பாளையத்து மாடியில்
என் அறைக்கு முப்பத்தொரு படி.
ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்து ஏறியிருக்கிறார்.
அவர் பாதத்துக்குத் தரை தெரியாது,
கண்தான் சொல்லவேண்டும்.

"எடுத்துட்டாய்ங்கம்மா" என்றார்.
செருப்பைச் சொல்கிறார்.
செருப்புக்குள் நான் வைத்ததைச் சொல்கிறார்.

கீழமாசி வீதியில் பருப்பு எடைபோடுகிறவர்.
தராசுக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் நிற்கிற சர்க்கரைக் கால்.
போன மாசியில் ஒரு பலகை ஆணி
இரண்டு நாள் அவரோடு நடந்தது.
மூன்றாம் நாள் தரையில் ரத்தத்தடம் பார்த்து
மனைவிதான் கத்தினார்.

அப்போது நுரைப்பெட்டியில் ஏறச் சொன்னேன்.
தண்ணீர் வடிந்த மறுநாள் வைகை மணலைப்போல
அது காலை உள்வாங்கும்.
வாய் சொன்னது, "நான் அம்புட்டா நடக்கிறதில்ல."
பெருவிரல் மூட்டு சொன்னது,
நடக்கிறார், நிற்கிறார், சும்மா இருப்பதேயில்லை.

"கல்லு மாதிரி போடுங்க, சீக்கிரம் தேயக் கூடாது."

கல் வேறொருவருக்கு, அண்ணே.
தேனி பஸ்ஸில் நின்றபடி சீட்டுக் கிழிக்கும் ஜஸ்டினுக்கு.
தட்டைப் பாதம்.
செக்கானூரணி தாண்டி வண்டி சாயும்போது
கணுக்கால் கூடவே சரியாமலிருக்க
உள்பக்கம் கெட்டியாய் ஒரு மேடு.
ரேஸ்கோர்ஸில் எண்ணூறு மீட்டர் ஓடும் ஃபர்ஹானா
என்னிடம் கிராமில்தான் பேசுவாள்.
வில்லாய் வளைந்த பாதம், எங்கும் தரையைத் தொடாது.
ஓட்டத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று செய்தேன்,
பள்ளிக்கானது பைக்குள்ளேயே தூங்குகிறதாம்.
பூ மார்க்கெட் ஈரத்தில் நிற்கும் ஒச்சம்மாளுக்குத்
தக்கை ஆகாது, ஊறிப்போகும்.
குதிகாலில் மட்டும் குழித்த ரப்பர் கொடுத்தேன்.
கழுவி வெயிலில் வைத்தாள்,
நாய் தூக்கிப் போனது.

உங்களுக்கு மெத்து, மூன்று அடுக்கு.
பழைய புண் எதையும் மிதிக்காமல்
அந்தரத்தில் நிற்க ஒரு பள்ளம்.
குட்டையான இடது காலுக்கு
ஏழு மில்லிமீட்டர் உயரம்.
தினமும் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, எழுந்தவர் கேட்டார்:
"கோயிலுக்குன்னு ஒண்ணு இருக்காம்மா?"

இல்லை.
வாசலில் கழற்றும்வரைதான் என் தொழில்.
விடியற்காலை ஐந்துக்குப் போங்கள் என்றேன்,
கல்லில் ராத்திரி மிச்சமிருக்கும்போதே.
தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்,
சாமி ஒன்றும் சொல்லாது.

சொன்னபடியே போயிருக்கிறார், திருப்பரங்குன்றம்.
ஐந்து மணிக்குச் செருப்புக் காக்கிற ஆள் வந்திருக்கவில்லை.
படியோரம் விட்டிருக்கிறார்.

ஆக, பாதிப் பழி என்னுடையது.

எடுத்தவனை நினைத்துக்கொள்கிறேன்.
நல்ல தோல் வார், எட்டாம் நம்பர்.
ரத வீதி முனைவரை
சந்தோஷமாய்த்தான் நடந்திருப்பான்.
பிறகு உள்ளங்காலில் யாரோ கட்டைவிரல் வைத்து
அழுத்துவதுபோல் இருந்திருக்கும்.
தனக்கு வராத புண்ணுக்கு ஒரு பள்ளம்.
தனக்கில்லாத குறைக்கு ஏழு மில்லிமீட்டர்.
கிரிவலம் முடிவதற்குள்
இடுப்பு கேள்வி கேட்கும்.
என்றாவது நொண்டிக்கொண்டு
இந்த முப்பத்தொரு படி ஏறி வருவான்.
பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும், என் கைவேலை.
திட்டுவதா, அளவெடுப்பதா?
அளவெடுத்துவிட்டுத் திட்டலாம்.

அலமாரியில் இவருடைய அச்சு இருக்கிறது,
பென்சிலில் பெயரெழுதிய இரண்டு வெள்ளைக் கால்கள்.
அதிலேயே செய்தால் இவருக்குக் காசு மிச்சம்.
ஆனால் எட்டு மாதம்.
அந்தக் காலா இந்தக் கால்?

புதுப் பெட்டியைப் பிரித்தேன்.
"ஏறுமுன்ன காட்டுங்க, வெறுங்கால்ல வந்திருக்கீங்க."

இடது பாதம் சரி.
வலது குதிகாலில் அழுந்திப் பதிந்திருந்தது
ஒரு முழுத் துவரை.
கீழமாசி வீதியிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி
இதுவரை.

நகத்தால் நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
கையைக் கொஞ்சம் மேலும் கீழும் அசைத்துப்
பார்த்துக்கொண்டே இருந்தார்,
எடை தெரிகிறதா என்று.