இரண்டாவது கீப்பர்

அவன் பெயரை 'ரெ' போட்டு எழுதினார் விளையாட்டுச் செயலாளர்.
பேனாவை வாங்கி, அடித்து, 'றெ' ஆக்கினான்:
றெஜினோல்ட்.
அந்தப் பருவம் முழுக்க
அவன் மறுத்துச் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது, ஜூலை.
கச்சான் மண்ணை வாரி அடிக்கிற மாதம்.
தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் மைதானம்.
தென்கோடியில் நிற்கும் கீப்பர்
கண்ணை இடுக்கிக்கொண்டே நிற்க வேண்டும்.
பந்து வெளியே போனால் சீமைக்கருவேலம்;
திரும்பி வரும்போது அதில் காற்றிருக்காது.

இரண்டு வருஷமாக வலை என்னுடையது.
அவன் வந்த முதல் வாரம்
நம்புகுமார் அடித்த பத்தில் ஒன்பதைப் பிடித்தான்.
பத்தாவது கம்பத்தில் பட்டது.
கருமலையான் சார் என்னைப் பார்க்கவில்லை.
கையுறையைக் கழற்றி நானே நீட்டினேன்,
அணியில் ஒரு ஜோடிதான் இருந்தது.

பேசாலையில் பழகிய பந்தாம்.
இப்போது மண்டபம் முகாம்,
ஆறு மணிக்குக் கேட்டில் கையெழுத்து.
ஆகவே
உள்ளூர் ஆட்டம் அவனுக்கு, வெளியூர் எனக்கு.
உள்ளூரில் ஐந்து ஆட்டம், ஒரே ஒரு கோல்.
பரமக்குடியில் நான் மூன்று வாங்கினேன்,
அருப்புக்கோட்டையில் இரண்டு.
சிவகங்கையில் மழை காப்பாற்றியது.

அவன் ஆடும்போது அவன் போன் என் மடியில்.
"அடிச்சா எடு. ஆர் எண்டு கேள்.
என்னைக் கூப்பிடாத."
வவுனியாப் பக்கம், கம்பிவேலிக்குள்
அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும்
தேடிக்கொண்டிருந்தார்கள்.
ஆகஸ்ட், செப்டம்பர்:
ரீசார்ஜ் சலுகைக்காரி மட்டும் கூப்பிட்டாள்.
அக்டோபரில், இரண்டாம் பாதியில்,
நீளமான எண் ஒன்று.
பெண் குரல். இரைச்சல்.
"அவனிட்டச் சொல்லுங்கோ, சின்னவள் இருக்கிறாள்."
சின்னவள் மட்டுமா
என்று நான் கேட்பதற்குள் அறுந்தது.

கூப்பிடாதே என்றதை மறந்து
வலைக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன்.
தலையசைத்தான்.
அடுத்து வந்தது சப்பைப் பந்து,
கால்களுக்கு நடுவே உருண்டு போனது.
நான் சொன்ன அந்த ஒரு கோல் அதுதான்.
யாரும் திட்டவில்லை.

ஜனவரியில் மதுரையில் இறுதி ஆட்டம். இரண்டு இரவு.
முகாமை விட்டு வெளியே தங்க
முதல்வர் கடிதம், தாசில்தார் அனுமதி.
பாம்பன் பேருந்து அந்த வழியாகத்தானே போகும் என்று
கடிதத்தை என்னிடம் கொடுத்தார் சார்.
அது வியாழன்.
வெள்ளி ஜும்ஆ.
சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது.
திங்கள் கொடுத்தேன்.
"முன்னாடியே கொண்டாரக் கூடாதா தம்பி,
ஐயா கேம்ப் போயாச்சே" என்றார் எழுத்தர்.

வியாழன் மதியம்
பேருந்து முகாம் வாசலில் நின்றது.
ஒருவர் மீன்கூடையோடு இறங்கினார்,
கூடையை இறக்க நேரமும் ஆனது.
நான் ஜன்னலோரம்.
கடிதம் கசங்கக் கூடாதென்று
விலங்கியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

முன்பே கொடுத்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள்
என்கிறான் நம்புகுமார்.
இருக்கலாம்.

மதுரையில் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி.
ஐந்தாவதை அடிக்க வந்தவனுக்குத் தொடை உரல் மாதிரி.
கண்ணை மூடிக்கொண்டு விழுந்தேன்.
முழங்காலில் பட்டு வெளியே போனது.
தூக்கினார்கள். மாலைப் பேப்பரில் படம்:
வாய் பிளந்து நான், கோப்பை,
நம்புகுமாரின் பாதித் தலை.
கீழே என் பெயர், சீனி நைனா,
ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தான்.
"எந்தப் பக்கம் பாய்ஞ்சனீ?"
"வலது."
"அவன் அடிச்சது?"
யோசித்தேன். தெரியாது என்றேன்.
அப்படிச் சிரித்து அவனை நான் பார்த்ததில்லை.
கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கையுறையை வாங்கி,
உள்ளே இருந்த மதுரை மண்ணைத் தட்டிவிட்டு,
போனை எடுத்து என் மடியில் போட்டான்.

"அடிச்சா எடு."