கழிவறைச் சாவி

ஜேக்கப்ஸில், காலர் தைக்கும் வரிசையில்
இருபத்தாறு ஆண்டாக உட்கார்ந்திருக்கிறேன்.
கழிவறைச் சாவி
மேற்பார்வையாளன் மேசையில் கிடக்கும்,
அரையடிக் கட்டையில் கோத்து.
அது நடந்து போவதைப் பார்க்கவே
ஒரு நொடி நிற்கும் எல்லா இயந்திரமும்.

அதனால் அடக்கினேன்.
பதினொரு மணிக்கு வந்ததை ஒரு மணிக்குத் தள்ளினேன்,
ஒரு மணிக்கு வந்ததை வீட்டுக்கு.
வீட்டில் அது வரவில்லை.
கூப்பிட்டபோது போகாதவளை
மறுபடி கூப்பிடுமா என்ன?

நூல் சிக்கினால் இழுக்கக் கூடாது
என்று தெரிந்த கைதான்
வயிற்றை மட்டும் இழு இழு என்று இழுத்தது.
கோகி தந்த ஒல்லியாக்கும் தேயிலை,
அவள் நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்த சிரப்,
ஒரு மூடி போதாதென்று இரண்டு,
இரண்டு போதாதென்று
ஒரு வெள்ளிக்கிழமை நான்கு.
சனி முழுக்கக் குளியலறைத் தரையில்.
கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, கண் இருள்கிறது,
வெளியே என் வீட்டுக்காரர்:
"தயா, மாட்ச் இடைவேளை, சீக்கிரம் திற."

திங்கட்கிழமை டாக்டர் ஐந்து கேள்வி கேட்டார்.
மூன்றுக்குப் பதில் சொன்னேன்.

சாட்ஸ்வர்த் மருந்துக்கடையில்
நொம்புமெலேலோ சீட்டைப் படித்தாள்,
"வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள், மா?"
என் பின்னால் வரிசையில்
கோயில் பொருளாளரின் மனைவி, கூடையோடு.
அவள் என் முகத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்,
மேசையைச் சுற்றி வந்து
குழந்தைப் பவுடர் அடுக்கின் ஓரத்துக்கு
என்னை அழைத்துப் போனாள்.

கைப்பையைக் கவிழ்த்தேன்.
இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இரும்புச்சத்துக்கு ஒன்று.
கைக்குட்டைக்கு அடியில்
கோடீன் கலந்த தலைவலி மாத்திரை.
"தினமுமா?"
"முதுகுக்கு. நான்கு. சில நாள் ஆறு."
அவள் திட்டவில்லை.
அந்த அட்டையை மட்டும் தனியே நகர்த்தி வைத்தாள்.
"முடிச்சுப் போடுவது இதுவாக இருக்கலாம்.
நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.
எப்படிக் குறைப்பதென்று அவர் சொல்லட்டும்."
அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தாள்.

பிறகு, பேனாவால் பெட்டிமேல் எழுதிக்கொண்டே:
ஒரு பொட்டலம், அரைத் தம்ளர் தண்ணீர்,
தெளியும்வரை கலக்குங்கள்.
மற்ற மாத்திரைக்கும் இதற்கும்
ஒரு மணி நேரம் இடைவெளி.
இன்றே வராது, நாளையும் வராமல் போகலாம்,
அதற்காக இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.
வாந்தி வந்தால், இரத்தம் கண்டால்,
காற்றும் பிரியாமல் வயிறு பலகையாகி வலித்தால்
இதைத் தொடாமல் நேரே ஆஸ்பத்திரி.
"அப்புறம், கோகிக்குக் கொடுக்காதீர்கள்."
"கோகியை உனக்கு எப்படித் தெரியும்?"
"பெயர் தெரியாது, மா.
ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள் இருக்கிறது."

அன்றிரவு மின்வெட்டு. குழாயிலும் காற்று.
போன் விளக்கில் அவள் கையெழுத்தை
இரண்டு தடவை படித்தேன்.
குளிர்பானப் பாட்டிலில் பிடித்து வைத்த தண்ணீரில்
பொடி கரைந்தது, கரண்டிச் சத்தம் மட்டும்.
எலுமிச்சையும் கொஞ்சம் உப்பும்.
அழுத பிறகு உதட்டில் இருக்குமே, அந்த ருசி.

செவ்வாய், ஒன்றுமில்லை.
புதன் இரவு கை தானாக இழுப்பறைக்குப் போனது,
ஒரு பொட்டலத்தை எடுத்து
ஓரத்தைக் கிழிக்கவும் பார்த்தது.
திரும்ப வைத்துவிட்டு
இன்னொரு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

வியாழன், பத்து நாற்பது.
காலர் பாதி வளைவில் இருக்கிறது.
கூப்பிட்டது.
மெல்ல, பகைமறந்த சொந்தக்காரி
வாசலில் நின்று கூப்பிடுகிறமாதிரி.

ஊசியைத் துணியிலேயே விட்டு எழுந்தேன்.
இயந்திரங்கள் நின்றன. மேற்பார்வையாளன்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன், அவசரமில்லாமல்.

திரும்பி வருகிறபோது
சாவியை அவன் மேசையில் வைக்கவில்லை.
கோகியின் இயந்திரத்தருகே,
நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்தேன்.