முப்பந்தல் பக்கம், நாற்பது சென்ட்

வடித்த கஞ்சி ஆறும்வரை
பையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தேன்.
சாகக்கூடியதற்குத்தானே தேதி.
பிள்ளைக்குப் போடுகிற பவுடர் போல இருந்தது, வாசம் மட்டும் இல்லை.
கிலோ விதைக்குப் பத்துக் கிராம்.
"இந்தப் பத்துக் கிராமில் இருக்கிற தலைக்கட்டு
நம்ம ஜில்லாவிலேயே கிடையாது" என்றாள்
விவசாய ஆபீஸ் பிரிஜிட்.
வரி பிரிக்க முடியாத ஊர்.

கஞ்சியில் குழைத்து, மக்காச்சோளத்தைப் புரட்டி
நிழலில் அரைமணி நேரம் காயவைத்தேன்.
வெயில் ஆகாது.
கடையில் ரோஸ் நிறத்தில் மருந்து பூசி வந்த விதையோடு சேர்த்தாலும் ஆகாது.
அதனால் கிழக்குப் பாதி ரோஸ், மேற்குப் பாதி கஞ்சி.
நடுவே வரப்பில்லை, ஒரு நைலான் கயிறு.
காற்றாலையின் நிழல் மட்டும்
ஓரவஞ்சனை இல்லாமல்
இரண்டு பாதியையும் அறுத்து அறுத்துப் போனது.

இருபது நாள்வரை ஒரு வித்தியாசமும் இல்லை.
"கண்ணுல படாத சவத்துக்குக் கஞ்சி ஊத்துனியே"
என்று தவசிமணி சிரித்தார்.
நான் என்ன சொல்ல?
வேலையெல்லாம் அடியில் நடக்கிறது.
இலை சமைத்ததில் கொஞ்சம்
வேர் வெளியே கசியவிடுகிறதாம்; அதுதான் கூலி.
கூலிக்காரர்கள் மண்ணிலுள்ள துளி இரும்பைத்
தூண்டில் போட்டு வாரிக்கொள்ள,
அழுகல் பூசணம் வெறும் இலையில் உட்கார்ந்திருக்கும்.
கத்தியில்லை, ரத்தமில்லை.
பந்திக்கு முந்துவதுதான் இங்கே படை.

ஆடியில் கணவாய் திறந்து காற்று இறங்கியது.
விடிந்து பார்த்தால் இரண்டு பாதியும் படுத்திருந்தது.
மூன்றாம் நாள் மேற்கு முழங்கால் மடக்கி எழுந்தது.
எல்லாம் அல்ல. பதினொன்று எழவேயில்லை.
குருத்தில் படைப்புழு, இரண்டு பக்கமும்.
அதற்கு இந்தக் கூட்டம் ஜவாப்தாரி இல்லை
என்று பிரிஜிட் முன்பே சொல்லியிருந்தாள்.
கிழக்கில் ஒரு தண்டைப் பிளந்தேன்:
உள்ளே பழுப்பு, நார்நாராய்,
ஊறவைத்துப் பிழிந்த கயிறு போல.

விழுந்தவற்றைப் பிடுங்கினேன்.
கிழக்குச் செடி ஒரு உதறலில் மண்ணை உதிர்த்து
நூலாய்த் தொங்கியது.
மேற்குச் செடியை உதறினேன்.
காலில் தட்டினேன்.
விடவில்லை.
வேர் முழுக்கச் செம்மண் சட்டை.

கயிற்றை அவிழ்த்தேன்.
கிழக்கு வரிசைகளுக்கு நடுவே
பதினொரு குழி தோண்டி
சட்டையோடு இறக்கி மூடினேன்.
"செத்த செடியை எதுக்குட்டி நடுத?"
காற்றுக்கு மேலே தவசிமணி கத்தினார்.
செடி பிழைக்காது, தெரியும்.
நான் நட்டது செடியை இல்லை.