இரண்டு விரல் தள்ளி

அலுமினியம் எங்கள் கூடத்துக்குள்
துணிக்கடைப் பீஸ் மாதிரிதான் வருகிறது.
மேலே வெள்ளி, கீழே கண்ணாடித்தாள்.
வெள்ளியின் தடிமன் கேட்டால் சிரிப்பீர்கள்,
என் தலைமுடியில் ஏழில் ஒன்று.

மை உருளை அதன்மேல்
ஒரே கோட்டை மடித்து மடித்துப் போடுகிறது,
திருமலையில் கம்பிக்குள் நிற்கும்
இலவச தரிசன வரிசை மாதிரி.
மை மூடாத வெள்ளியெல்லாம்
அமிலத் தொட்டியில் போய்விடும்.
அந்தப் பக்கம் வரும்போது அதன் பெயர் ஆன்டெனா.
நடுவில் ஒரு சில்லு உட்காரும்.
ஒரு கடுகின்மேல் நாலு வைக்கலாம்.
தும்மினால் போச்சு, ஆகவே முகமூடி.

நான் கடைசி மேசை. ரீடர்.
பச்சை, பச்சை, பச்சை,
சிவப்பு விழுந்தால் மார்க்கரில் ஒரு புள்ளி.
ஒரு ராத்திரிக்கு இருபதாயிரம் பேரைக் கேட்கிறேன்
நீ யார் என்று.
அதற்கு பேட்டரி கிடையாது.
கேட்கிறவள் அனுப்பும் அலையையே வாங்கி
அதிலேயே பதிலையும் திருப்பி அனுப்பும்,
எண்ணை மட்டும்.
"கேட்டாத்தான் பேசுது, எவ்ளோ ஒழுக்கம் பாருங்க"
என்பாள் சூப்பர்வைசர் பத்மஜா,
டேக்கைப் பார்க்காமல்
எங்களைப் பார்த்து.

காலை ஆறேகால். கேட்டில் கழுத்து அட்டையை நீட்டி
நாங்களும் ஆளுக்கொரு பீப்.
பஸ்ஸில் ஏறியதும் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.
தடா தாண்டி, எல்லைக்கு முன்னால்
சுங்கச்சாவடியில் வண்டி நின்றது.
நின்றே இருந்தது.

கம்பு தூக்கவில்லை.
பின்னால் நெல்லூர் இறால் லாரி
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஹாரன்.
சாவடிப் பையன் கை ரீடரோடு ஓடிவந்தான்.
"ஏமய்யா, பேலன்ஸ் லேதா?"
"உந்தி சாமி, உந்தி!"
டிரைவர் சுப்பாராயுடு செல்போனைத் தூக்கிக் காட்டினார்.
"அப்போ டபுள் கட்டு."
பின் சீட்டில் ஜெசிந்தா விழித்துக்கொண்டு
"நம்ம சரக்கான்னு பாருங்கடி" என்றாள்.
பஸ் முழுக்கச் சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போனேன்.

முன்கண்ணாடியில் டேக் இருந்தது.
அதன் முதுகின்மேலேயே, பளபளவென்று,
சூளூர்ப்பேட்டை செங்காளம்மன்.
வெள்ளி ஜிகினாத் தாள்.
போன வாரம் லாரி உரசியதும் வாங்கி ஒட்டியதாம்.

"அண்ணே, முதுகில தகடு இருந்தா இதுக்குக் காது கேக்காது."
"டேக்கை நகர்த்திக்கோம்மா."
நகர்த்த முடியாது.
பிரித்தால் கிழிந்து சாகவேண்டும் என்றுதான்
கோட்டுக்குக் குறுக்கே மெல்லிய கீறல் வைக்கிறோம்,
திருடன் எடுத்து வேறு வண்டியில் ஒட்டாதிருக்க.
அந்தக் கீறல் எங்கள் இரண்டாவது கூடத்தின் வேலை.
அதில் நான் மூன்று வருஷம் இருந்தேன்.
"சாமிதாண்ணே நகரணும்.
ரெண்டு விரல் போதும்."

அவர் என்னைப் பார்த்தார்.
இறால் லாரி இன்னொரு தரம் கத்தியது.
செருப்பைக் கழற்றினார்.
கண்ணில் ஒற்றிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால்
ஓரத்தில் இருந்து ஆரம்பித்தார்,
தெலுங்கில் என்னவோ சொல்லிக்கொண்டே.
எனக்குப் புரிந்தது "தல்லி" மட்டும்.
பாதம் வந்தது, சிங்கம் வந்தது, முகம் வந்தது.
சூலத்தின் நுனி மட்டும் வராமல்
டேக்கிலேயே தங்கிவிட்டது.
"அவ்வளவு தகடு இருந்தா பரவால்ல" என்றேன்.
சொல்லும்போது எனக்கே நிச்சயமில்லை.

கம்பு தூக்கியது.

யாரும் கை தட்டவில்லை.
ஜெசிந்தா மறுபடி தூங்கியிருந்தாள்.
எங்களுக்குப் பின்னால் இறாலுக்கும் ஒரு பீப்.
ஆரம்பாக்கம் வரை
சுப்பாராயுடு பேசவில்லை. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம்
அவர் நகத்தில் ஒட்டிய ஜிகினா
ஒரு தரம் மின்னி, அணைந்து,
அடுத்த வளைவுக்கு மறுபடி மின்னியது.